அம்மா வந்த உடம்புக்கு ஊசி எதுக்கு

போன வாரம் நம்ம சுகாதார நிலையத்துப் பொண்ணு ஒருத்தி என் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போனா. கொரோனா ஊசி போடப் போன எடத்துல ஒருத்தன், "எனக்கு ஒருவாட்டி வந்து போயிடுச்சு, என் உடம்புலயே சக்தி இருக்கு, ஊசி எதுக்கு"ன்னு கேட்டு கதவைச் சாத்திட்டானாம். "நான் எல்லாத்தையும் விளக்கமா சொன்னேன் சிஸ்டர், ஒண்ணு விடாம சொன்னேன், அவன் கேக்கவே இல்லை"ன்னா. ஒண்ணு விடாம சொன்னதுதான்டி தப்புன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அழுதுகினு இருக்கறவகிட்ட என்னத்தைச் சொல்றது, காப்பி குடுத்து அனுப்பிட்டேன். இப்போ ஊசி போடப் போற உங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன். பிடிக்காதவங்க என்னைத் திட்டிக்கலாம். ரிட்டயர் ஆனவளை யாரும் மெமோ குடுத்து மிரட்ட முடியாது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். வந்து போன உடம்புக்கு சக்தி உண்டான்னா, உண்டு. பெரியம்மை வந்து பிழைச்சவங்களுக்கு அது திரும்ப வந்து நான் பார்த்ததில்லை. ஆனா பிழைச்சவன்தான் நம்ம முன்னாடி நின்னு பேசுவான். பிழைக்காதவன் எங்கேந்து வந்து பேசப் போறான்? அதுவும் போக, வந்து போச்சுன்னு சொல்றாங்களே, வந்தது அதுதான்னு எப்படித் தெரியும்? எனக்கு இந்த ரெண்டையும் கத்துக்குடுத்தது பள்ளிப்பட்டுப் பக்கத்துல ஒரு நெசவுத் தெரு.

அறுபதுகளோட கடைசி. நான் திருத்தணிக்காரி, மலையடிவாரத்துல பொறந்து வளர்ந்தவ. நர்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. வாய் மட்டும் இப்போ இருக்கற மாதிரியே அப்பவும் இருந்துச்சு. பங்குனி மாசம், உத்திரத்துக்கு மலைக்குக் கூட்டம் வர ஆரம்பிச்ச நேரம். அந்த நேரத்துல அந்தத் தெருவுல பெரியம்மைன்னு சேதி வந்துச்சு. எங்க டாக்டருக்கு ராத்திரி தூக்கமே போச்சு. தெருவுலேந்து ஒருத்தன் கூட்டத்தோட கூட்டமா மலை ஏறிட்டா, இந்தப் பக்கம் மெட்ராஸு, அந்தப் பக்கம் ஆந்திரா, எங்க எங்க போய் நிக்கும்னு யாரால சொல்ல முடியும்.

ஜீப்புல மூணு பேரு போனோம். டாக்டர், நான், அம்மை குத்துற அண்ணா. ஊர் ஊரா சைக்கிள்ல போய் அம்மைப்பால், அதான் பெரியம்மைத் தடுப்பூசி, குத்துறதுதான் அந்த அண்ணாவோட வேலை. சின்ன வயசுல பெரியம்மை வந்து பிழைச்சவரு. முகம் பூரா குழி, இடது கண்ணு போயிடுச்சு. "என்னை ஒருத்தி கட்டிக்கினாளே, அவளுக்குக் கோயில் கட்டணும்"னு அவரே தன்னைக் கிண்டல் பண்ணிக்குவாரு.

தெருவுல நுழைஞ்சோம். நெசவுத் தெருன்னா காலையில காது கிழியணும். அன்னிக்கு ஒரு தறி ஓடலை. அம்மா ஒரு வீட்டுல இறங்கிட்டா அக்கம் பக்கத்துல தறியை நிறுத்திடுவாங்க, சத்தம் அவளுக்கு ஆகாது. நடுவுல ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருந்துச்சு. அந்த வீட்டு ரெண்டாவது புள்ள ஏகாம்பரம், எல்லை தாண்டி நகரிப் பக்கம் துணி மூட்டை எடுத்துகினு போயிட்டு காய்ச்சலோட திரும்பியிருக்கான். இப்போ உடம்பு பூரா முத்து.

மத்த வீடுங்கள்ல முணுமுணுத்துகினே கையை நீட்டிட்டாங்க. வேப்பிலை கட்டின வீட்டுலதான் முடியாதுன்னுட்டாங்க. அம்மா உள்ள இருக்கற வரைக்கும் தாளிக்க மாட்டாங்க, தலை வார மாட்டாங்க, கிழிஞ்ச துணியைத் தைக்க ஊசி கூட எடுக்க மாட்டாங்க. அந்த வீட்டுக்குள்ள நாங்க ஊசியைத் தூக்கிகினு போனா எப்படி இருக்கும்.

வாசல்ல நின்னு பேசினது கோவிந்தம்மா, ஏகாம்பரத்தோட அம்மா. புருஷன் இல்லாதவ. மூத்த புள்ள மெட்ராஸுக்குத் துணி விக்கப் போயிருந்தான். வீட்டுல அவ, மூத்த மருமவ, மருமவளோட கைக்குழந்தை, நோவுல கெடக்கற ஏகாம்பரம். அவ்ளோதான்.

"எங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும் நர்சம்மா"ன்னா கோவிந்தம்மா. "அம்மா பார்த்தவங்கதான் உள்ள போவணும். என் மருமவ மங்காவுக்குச் சின்ன வயசுலயே அம்மா பார்த்துட்டா. அவதான் உள்ள போய்ப் பார்த்துக்கறா. வேற யாரும் போறதில்லை. அம்மா வந்த உடம்புக்கு ஊசி எதுக்கு?"

சிரிச்சுடாதீங்க. அந்த வழக்கத்துல ஒரு தப்பும் இல்லை. ஒருவாட்டி வந்து பிழைச்சவங்களுக்கு மறுபடி வராது, அதனால அவங்க போய் நோவாளியைப் பார்த்துக்கட்டும். நம்ம படிப்பும் அதைத்தானே சொல்லுது?

அந்த நேரம் பார்த்து மங்கா வெளியில வந்தா. குழந்தைக்குப் பால் குடுக்கணும்னு கை கால் கழுவிகினு வந்தா. இருபது வயசு இருக்கும். நான் அவ முகத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. பெரியம்மை வந்து போன உடம்பு அப்படி இருக்காது. எனக்கு வந்த மாதிரி, உங்களுக்கு வந்த மாதிரி, அவளுக்கும் கொப்புளிப்பான் வந்திருக்கும். சின்னம்மைன்னு சொல்றமே, அது. சின்னம்மை வந்தா சின்னம்மைக்குத்தான் காவல். பெரியம்மைக்கு அது ஒரு துளி கூட உதவாது. ஆனா அந்த ஜனங்களுக்கு எல்லாமே ஒரே அம்மா, ஒருவாட்டி வந்துட்டா கணக்கு முடிஞ்சுது. அந்த நம்பிக்கையில இந்தப் பொண்ணு பெரியம்மைக்காரன் பக்கத்துல உக்காந்துட்டு, வெளியில வந்து குழந்தைக்குப் பால் குடுத்துகினு இருக்கா. அப்பவும் நேரம் இருந்துச்சு. ஏகாம்பரத்துக்கு முத்து போட்டு ரொம்ப நாள் ஆகலை, இவளுக்கு உடனே குத்தினா பிழைச்சுக்குவா. நாளைக்கு, நாளான்னிக்குன்னு தள்ளினா குத்தியும் பிரயோசனம் இல்லை.

டாக்டருக்கும் அது ஒரு பார்வையில புரிஞ்சுடுச்சு. நல்ல மனுஷன், கெட்டிக்காரரு. தெருவே கேக்கற மாதிரி சொன்னாரு: "அம்மா, நீங்க சொல்றது நிசமா இல்லையான்னு இந்த ஊசியே சொல்லிடும். அம்மா ஏற்கெனவே வந்த உடம்புன்னா இது பிடிக்காது, காஞ்சு உதிர்ந்துடும். வராத உடம்புன்னாதான் கை வீங்கி சீழ் வைக்கும். ஒரு வாரத்துல நீங்களே கண்ணால பார்த்துக்கலாம். உண்மையாவே வந்திருந்தா உங்களுக்கு என்ன பயம்?"

எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. என்ன அழகா மடக்கிட்டாரு, இனி எப்படி மாட்டேன்னு சொல்வாங்கன்னு நினைச்சேன். சொன்னதும் நூத்துக்கு நூறு நிசம்.

மங்கா முகம் வெளுத்துப் போச்சு. குழந்தையைத் தூக்கிகினு, "எனக்கு ஊசி வேணாம், என்னைத் தொடாதீங்க"ன்னு உள்ள போனவ, பின்கட்டுக்குப் போய் அந்தக் கதவைத் தாழ் போட்டுகினா. அதுவரைக்கும் மாமியாருதான் முடியாதுன்னு நின்னா. இப்போ மருமவ ஒரு படி மேல போயிட்டா.

டாக்டர் கடியாரத்தைப் பார்த்தாரு. "சிஸ்டர், இன்னிக்குள்ள முடியலைன்னா போலீஸைக் கூப்பிடறதைத் தவிர வழியில்லை"ன்னாரு. அதுக்கு முன்னாடி திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு ஊர்ல அப்படி மிரட்டப் போய், ஒரு குடும்பமே நோவாளியைத் தூக்கிகினு கரும்புக் காட்டுக்குள்ள ஒளிஞ்சுகினுச்சு. இங்க எல்லை கூப்பிடு தூரம். இவங்க அந்தப் பக்கம் புத்தூர்கிட்ட இருக்கற மங்காவோட அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா, போற வழியெல்லாம் நோவைத் தூவிகினு போவாங்க.

நான் ஜீப்புக்குப் போற மாதிரி போக்கு காட்டிட்டு, சந்து வழியா வீட்டுப் புறக்கடைக்குப் போனேன். கிணத்தடியில மங்கா தனியா நின்னுகினு இருந்தா. குழந்தை இடுப்புல.

"ஏம்மா, மாமியா சொல்லி மாட்டேங்கறியா?"ன்னு கேட்டேன்.

தலையை ஆட்டினா.

"ஊசிக்குப் பயமா?"

அதுக்கும் தலையை ஆட்டினா. அப்புறம் மெதுவா, "அக்கா, எனக்கு வந்தது வெறும் கொப்புளிப்பான்"னா. "மறுவாரமே தெருவுல ஆடிகினு இருந்தேன். பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க நைனாதான், அம்மவாரு பார்த்துட்டா, முகத்துல ஒரு தழும்பு கூட வைக்காம போயிட்டான்னு சொன்னாரு. அந்தப் பேச்சுலதான் கல்யாணமே முடிஞ்சுது."

உங்களுக்கு இது புரியணும்னா அந்தக் காலத்துக் கல்யாணப் பேச்சு தெரியணும். பெரியம்மை வந்து போன பொண்ணுன்னா இனிமே அதுல சாக மாட்டா, கண்ணு போகாது, தைரியமா எடுக்கலாம். ஆனா முகத்துல குழி இருந்தா யாரும் சீந்த மாட்டாங்க. அம்மாவும் பார்த்திருக்கணும், முகமும் வழவழன்னு இருக்கணும். அப்படி ஒரு பொண்ணு கெடைச்சா விடுவாங்களா? புத்தூர்ப் பக்கத்துல ஒரு தகப்பன் அந்த ஆசைக்குத் தோதா ஒரு பொய் சொல்லிட்டான்.

"அப்போ உனக்கு வரலைன்னு தெரிஞ்சேவா அந்த ரூமுக்குள்ள போன?"

"போகலைன்னா ஏன் போகலைன்னு கேப்பாங்களேக்கா."

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாத்திகினு அவளே மேல சொன்னா.

"டாக்டர் சொன்னதைத் தெருவே கேட்டுச்சு. இப்போ ஊசி போட்டு கை வீங்கிடுச்சுன்னா எங்க நைனா பொய்க்காரருன்னு ஆயிடும். எனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சிங்க இருக்காளுங்க. அவளுங்களை யாரு எடுப்பாங்க?"

"நீ செத்துட்டா?"

"அம்மா கோவிச்சுகினு திரும்ப வந்துட்டான்னு சொல்வாங்க. நைனாவை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னா. குழந்தை அவ தாலிக்கயித்தைச் சப்பிகினு இருந்துச்சு.

அவளை இழுத்துப் புடிச்சுக் குத்திடலாமான்னு கூட தோணிச்சு. அவ்ளோ கோவம். அவ நைனா மேல, அந்த மாமியா மேல, அப்படி ஒரு பொண்ணைத் தேடின ஊர் மேல. ஆனா கோவத்தால அன்னிக்கு ஒரு வேலையும் ஆகாது. டாக்டர் சொன்ன நிசம் மாமியாளை மடக்கறதுக்குச் சொன்னது. அது போய் விழுந்தது இவ தலையில. இனி அந்த ஊசி ஒரு பரீட்சையா இருக்கற வரைக்கும் இவ கையை நீட்ட மாட்டா. பரீட்சை இல்லைன்னு ஆக்கணும். என்னை யாரும் நம்ப மாட்டாங்க, என் முகத்துல அம்மைத் தழும்பா இருக்கு.

அம்மை குத்துற அண்ணாகிட்ட போனேன். மங்கா சொன்னதை அவருகிட்டயும் சொல்லலை. "அண்ணா, அம்மா வந்தவங்களுக்கும் இந்த ஊசி பிடிக்கும்னு தெரு நம்பணும். ஏன்னு கேக்காதே"ன்னேன். ஒத்தைக் கண்ணால என்னை ஒரு பார்வை பார்த்தாரு. கேக்கலை.

நேரா வாசலுக்குப் போய் சட்டைக் கையைச் சுருட்டினாரு. "கோவிந்தம்மா, இந்த முகத்தைப் பாரு. அம்மா வந்த உடம்புக்கு இதைவிட சாட்சி வேணுமா? நானே வருசா வருசம் குத்திக்கறேன். சில வருசம் வீங்கும், சில வருசம் வீங்காது. அது அவ இஷ்டம். நர்சம்மா, குத்து"ன்னாரு.

வருசா வருசம் குத்திக்குவாருன்றது நிசம், ஜனங்களுக்குப் பயம் தெளியறதுக்காக. வீங்கும்னு சொன்னது பச்சைப் பொய். ஜீப்புகிட்ட நின்ன டாக்டர் வாயைத் திறந்தாரு. நான் அவரை ஒரு முறை முறைச்சேன். புதுசா வந்த நர்சு முறைக்கறாளேன்னு அவருக்குத் தோணியிருக்கலாம், ஆனா வாயை மூடிக்கினாரு. அந்த ஒரு விஷயத்துக்காக அவரை நான் இன்னிக்கும் கும்புடறேன். தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாம இருக்கறது படிச்சவங்களுக்கு லேசுல வராது.

குத்தினேன். அண்ணா செருப்பைக் கழட்டி விட்டுட்டு, "குழந்தைக்காரியை வெளியில வரச் சொல்லு. உன் புள்ளையை நான் பார்த்துக்கறேன். என்னை அம்மா நல்லாவே பார்த்துட்டா"ன்னு சொல்லிட்டு உள்ள போனாரு. தழும்பு முகத்துக்காரரை யாரு தடுப்பாங்க? வழக்கம் அவரு பக்கம்.

அப்போதான் கோவிந்தம்மா என் கையைப் புடிச்சு, நின்னு போயிருந்த தறிக்குப் பின்னாடி இழுத்துகினு போனா.

"மங்காவுக்கு அம்மா வரவே இல்லை நர்சம்மா."

நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி நின்னேன்.

"கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். அவளுக்கு எண்ணெய் தேச்சு விடறப்போ முதுகுல பார்த்தேன், கொப்புளிப்பான் தழும்பு. என் கூடப் பொறந்தவளைப் பெரியம்மையில வாரிக் குடுத்தவ நான். எனக்கா வித்தியாசம் தெரியாது? போவுது, நல்ல பொண்ணுன்னு வாயை மூடிக்கினேன்."

"அப்புறம் எப்படிம்மா அவளை உள்ள அனுப்பின?"

தறியைப் பார்த்துகினே சொன்னா: "ஏகாம்பரம் தண்ணி, தண்ணின்னு கூப்டுகினே இருந்தான். எனக்கும் அம்மா பார்த்தது இல்லை. நான்தான் போறதுன்னு வாசப்படி வரைக்கும் போனேன். கால் வரலை. பெத்த புள்ளதான், ஆனா கால் வரலை. மங்கான்னு கூப்டேன். அவளும் ஒண்ணும் சொல்லாம போயிட்டா."

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. இவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே ஒரு பச்சைக் குழந்தைக்காரியை எமன் வாயில அனுப்பியிருக்கா. பளார்னு ஒண்ணு விடணும்னு கை துடிச்சுது. பொண்ணுங்களா, பசங்களா, இந்த எடத்தை மட்டும் ரெண்டுவாட்டி படிங்க. அப்போ நான் ஒரு வார்த்தை அவளைச் சுட்டிருந்தேன்னு வையுங்க, அவ மறுபடியும் வாசல்ல போய் நின்னு முடியாதுன்னுதான் சொல்லியிருப்பா. குத்தம் சொல்லப்பட்டவங்க கையை நீட்ட மாட்டாங்க. நம்ம நியாயம் நம்மகூட வீட்டுக்கு வரும், சாவு அவங்க வீட்டுலயே தங்கிடும்.

"சரி. கையை நீட்டு"ன்னு மட்டும் சொன்னேன்.

"முதல்ல அவளுக்கு"ன்னா கோவிந்தம்மா. "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே நர்சம்மா. தெரிஞ்சே அனுப்பினேன்னு தெரிஞ்சா, அப்புறம் அவ என் மூஞ்சியில எப்படி முழிப்பா?"

அவளே போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினா. "மங்கா, வா. அம்மா பார்த்தவங்களுக்கும் குத்துறாங்களாம், சில பேருக்கு வீங்கவும் வீங்குமாம். ஒண்ணும் பயமில்லை வா"ன்னா. மங்கா வந்து என் முகத்தைப் பார்த்தா. நான்தான் எப்படியோ அத்தையை ஏமாத்திட்டேன்னு அவ நினைச்சுகினா. மாமியாளே அவ கையைப் புடிச்சுகினு நிக்க, அவளுக்குக் குத்தினேன். அப்புறம் குழந்தைக்கு. கடைசியா கோவிந்தம்மாளுக்கு.

திரும்பி வர்றப்போ ஜீப்புல டாக்டர், "சிஸ்டர், அம்மை வந்த உடம்புலயும் வீங்கும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"ன்னாரு.

"பள்ளிப்பட்டுப் புத்தகத்துல சார்."

சிரிச்சாரு. கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பொண்ணு உள்ள போக ஆரம்பிச்சு எவ்ளோ நேரம் ஆச்சோ. நல்லா பிடிச்சா பிழைப்பா"ன்னாரு. சிரிப்பு போயிடுச்சு.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் எனக்கு எதிரிக்குக் கூட வேணாம். குத்தினது பிடிக்கணும், இல்லைன்னா அவ உயிர் போயிடும். பிடிச்சா கை வீங்கும், டாக்டர் சொன்னது தெருவுக்கு ஞாபகம் வந்துடும். மலையைப் பார்த்து நின்னா முருகன்கிட்ட என்ன கேக்கறதுன்னே எனக்குத் தெரியலை. பிடிக்கட்டும்னு கேட்டேன். தெருவோட வாயை நீயே பார்த்துக்கோன்னு கேட்டேன்.

ஏகாம்பரம் பிழைக்கலை. கடைசி வரைக்கும் அவன் வாயில தண்ணி ஊத்தினது அந்த அண்ணாதான். தூக்கிகினு போய் அடக்கம் பண்ணினதுலயும் அவரு தோள் இருந்துச்சு.

நான் மறுபடியும் போனப்போ அந்த வீட்டுல பொம்பளைங்க துக்கம் கேக்க வந்து உக்காந்திருந்தாங்க. மங்கா முந்தானையை இழுத்து இடது கையை மூடிகினு ஒரு மூலையில நின்னா. முகம் காய்ச்சல்ல சிவந்திருந்துச்சு. குழந்தை அழ, அவ குனிஞ்சு தூக்க, முந்தானை சரிஞ்சுடுச்சு. கை வீங்கி, நடுவுல கொப்புளம் பழுத்து நின்னுச்சு. பிடிச்சிருக்கு. எனக்கு உசுரு வந்துச்சு, உடனே போயும் போச்சு. ஏன்னா எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்துகினு இருந்தாங்க.

ஒருத்தி கேட்டே கேட்டுட்டா. "வீங்கினா அம்மா வராத உடம்புன்னுதானே டாக்டர் சொன்னாரு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கோவிந்தம்மா எழுந்தா. புள்ளையைப் புதைச்சு நாலு வாய் சோறு கூட உள்ள போகாதவ. மங்கா கிட்ட போய் அந்தக் கையை அவளே தூக்கி எல்லாருக்கும் காட்டினா.

"அம்மா என் புள்ளையை எடுத்துகினா. இவளையும் எடுக்கத்தான் திரும்ப வந்தா. பச்சைக் குழந்தைக்காரின்னு மனசு எறங்கி, கையில ஒரு பொட்டு வெச்சுட்டு விட்டுட்டா. இதுக்கு மேல யாருக்கு என்ன தெரியணுமோ, என்னைக் கேளுங்க"ன்னா.

புள்ளையைப் பறி குடுத்தவகிட்ட யாரு என்ன கேப்பாங்க?

நான் மங்காவை உள்ள கூட்டிகினு போய், தூசி படாம அந்தக் கைக்குத் துணி கட்டி விட்டேன். வெளியில கோவிந்தம்மா குழந்தையைத் தோள்ல போட்டு சமாதானம் பண்ற குரல் கேட்டுகினு இருந்துச்சு. மங்கா என் காதுகிட்ட வந்து, "நல்ல வேளைக்கா, அத்தைக்குத் தெரியலை"ன்னா.

"ஆமா மங்கா, தெரியலை"ன்னேன்.